ஆளுக்கொரு அட்டை

டீச்சரம்மா இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறாள் என்ற சேதியைப் பெரிய மகன் காலை ஒன்பது மணிக்குள் நாற்பது பேருக்குப் போனில் சொல்லி முடித்திருந்தான். சொன்னதோடு நின்றிருந்தாலும் போகட்டும் என்று விடலாம். எந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டுவது என்று அலமாரியிலிருந்த ஆல்பங்களை இழுத்துக் கூடத்துச் சோபாவில் பரப்பி வைத்திருந்தான். உள்ளறையில் பெற்றவள் உயிரோடு முனகிக்கொண்டிருக்க, வெளியே மகன், கோப்பை வாங்குகிற படமா, ஓய்வு பெற்ற அன்றைக்கு எடுத்த படமா என்று தங்கச்சியிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தான். தங்கச்சி அழுகையை ஒரு நொடி நிறுத்தி, கோப்பைப் படத்தில் அம்மாவுக்குக் கழுத்தே இல்லை என்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

சின்ன மருமகள் வேலை முடிந்து வந்து வாசலில் மழைக்கோட்டை உதறிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது இதுதான்.

அவள் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். ஒரு பரிசோதனைக் கூடத்தில் எட்டு வருஷமாக அந்த வேலை. விடியும்போது ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், வெறும் வயிற்றோடு காத்திருக்கும் பன்னிரண்டு பதினைந்து பேரை ஒன்பது மணிக்குள் முடித்தாக வேண்டும். மேல்கையில் ரப்பர் பட்டையை இறுக்கி, முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தடவி, நழுவுகிற நரம்பைக் கட்டைவிரலால் பிடித்து நிறுத்தி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்தி எடுத்துவிடுவாள். சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய், அணுக்களுக்கு ஊதா மூடி, ஈரலுக்குச் சிவப்பு மூடி. தெருவையே மிரட்டுகிற ஆட்கள் ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெண்டாட்டி கையைத் தேடுவதைத் தினமும் பார்க்கிறவள். மனிதர்கள் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை எதுவும் மிச்சமில்லை.

இந்த வீட்டில் அவளுக்குப் பெயர் கொசு. கல்யாணமாகி வந்த மாதமே பெரியவன் வைத்தது. அவன் ஒரு வங்கியில் மேனேஜர். தான் வேடிக்கையாகப் பேசுவதாக அவனுக்கு ஒரு நினைப்பு. அவள் உள்ளே நுழைந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்லுவான். அழகு நிலையம் நடத்துகிற நாத்தனார் அதற்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பாள். டீச்சரம்மா மட்டும் கொசு என்று கூப்பிட்டதில்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆட்சி செய்து, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள். பட்டப்பெயர் வைப்பது மாணவர்கள் செய்கிற வேலை என்று எண்ணுகிறவள். அவளுக்கு மருமகள் 'அந்தப் பொண்ணு', அவ்வளவுதான். அவள் புருஷன், கடைக்குட்டி மகன், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன். அம்மா கணக்கில் அவன் ஃபெயில். அதனாலேயே அம்மாவை வைத்துப் பார்க்கிற பொறுப்பு அவன் தலையில் வந்து விழுந்தது. பாஸானவர்களுக்கு வேறு வேலைகள் இருந்தன.

நாலு நாளாக விடாத மழை. வீடு முழுக்க ஈரத்துணி நாற்றம். மருமகள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் மாதிரி ஒரு நடுக்கம். இரண்டு நாளில் டீச்சரம்மா பாதியாகிப் போயிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் வந்த குடும்ப டாக்டர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தபடி தன்னுடைய கடிகாரத்தைப் பார்த்தார். வயதாகிவிட்டது, கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி வையுங்கள் என்று கூடத்தில் வைத்துச் சொல்லிவிட்டு, பிஸ்கட்டைத் தின்று டீயையும் குடித்துவிட்டுப் போனார்.

கட்டிலில் டீச்சரம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். கால்கள் மட்டும் ஓயாமல் போர்வையை உதைத்துக்கொண்டிருந்தன. கண்ணிலும் மூக்கிலும் நீர். வாய் கிழிகிற மாதிரி ஒரு கொட்டாவி, அதன் பின்னாலேயே இன்னொன்று. மருமகள் போர்வையைச் சரிசெய்ய டீச்சரம்மாவின் கையைத் தூக்கினாள். முன்கை முழுக்க உரித்த கோழியின் தோல்போலப் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்து நின்றது. தலைக்கு மேலே டியூப்லைட் பளீரென்று எரிகிறது, ஆனாலும் கண்மணிகள் இருட்டில் நிற்கிறவளுக்குப் போல அகலமாக விரிந்திருந்தன.

சாகிறவர்கள் இப்படிக் கொட்டாவி விடுவதில்லை. மருமகள் சாகிறவர்களையும் பார்த்திருக்கிறாள். இந்தச் சிலிர்ப்பை அவள் வேறோர் இடத்தில் பார்த்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு வருஷம் தற்காலிக வேலை. அங்கே போதை மீட்புப் பிரிவில் தினமும் ரத்தம் எடுக்கப் போவாள்.

"அத்தை, கடைசியா மாத்திரை எப்பப் போட்டீங்க?"

"எந்த மாத்திரை?" டீச்சரம்மா நடுக்கத்துக்கு நடுவிலும் புருவத்தைத் தூக்கினாள். "நீ ரத்தம் எடுக்கிற வேலையப் பாரு. அதுக்கு மேல படிச்சியா?"

படிக்கவில்லைதான். ஆனால் கைப்பை எங்கே இருக்கும் என்று தெரியும். குளியலறைக்குக்கூட டீச்சரம்மா கொண்டுபோகிற பழுப்புக் கைப்பை அது. தலையணைக்கும் சுவருக்கும் இடையில் செருகி வைத்திருந்ததை மருமகள் உருவி எடுத்தாள். டீச்சரம்மா கையை நீட்டிப் பிடுங்கப் பார்த்தாள். நீட்டின கை பாதி வழியிலேயே விழுந்துவிட்டது.

பைக்குள் மாத்திரை அட்டைகள். எல்லாம் தீர்ந்துபோய்ப் பொத்தல் பொத்தலாக இருந்தவை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக வைத்திருந்தாள், திருத்திய விடைத்தாள்களைக் கட்டி வைப்பதுபோல. வெள்ளி அட்டை ஒரு கட்டு, நீலக் கோடு போட்டது ஒரு கட்டு, சிவப்பெழுத்து ஒரு கட்டு. மூன்றும் வேறு வேறு கம்பெனி, உள்ளே மருந்து ஒன்றுதான். ஓபியம் வகை வலி மாத்திரை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டீச்சரம்மாவுக்கு இரண்டு முழங்காலும் மாற்றினார்கள். அறுவை செய்த டாக்டர் பத்து நாளைக்குத்தான் அந்த மாத்திரையை எழுதினார். பத்து நாளைக்குப் பிறகும் வலித்தது. அந்த வயதில் அந்த அறுவைக்கு வலிக்கத்தான் செய்யும். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மருமகளுக்கு அரைகுறையாகத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தபடி டீச்சரம்மா அரைத் தூக்கத்தில் சொக்கிக் கிடப்பாள். பாதிப் பேச்சில் நாக்குக் குழறும். நாலைந்து நாள் மலம் போகாது. கேட்டால் எரிந்து விழுவாள். எல்லாவற்றையும் மருமகள் பார்த்தாள், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஏன் என்று இப்போது அந்தக் கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. சொக்கிக் கிடந்த டீச்சரம்மா யாரையும் திருத்தவில்லை. சோறு குழைந்துவிட்டது என்று சொல்லவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

கட்டுகளைக் கொண்டுபோய்க் கூடத்தில் ஆல்பங்களின் மேல் வைத்தாள்.

"அத்தைக்குக் கிருமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாத்திரை நின்னு போச்சு. அதுதான்."

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மேனேஜர் எழுந்து நின்றான். முப்பத்தொரு வருஷம் ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தவளைப் பார்த்து என்ன வார்த்தை பேசுகிறாய் என்று கேட்டான். கொசுவுக்கு ரத்தம் எடுக்கத்தான் தெரியும், வைத்தியம் எப்போதிலிருந்து என்றான். நாத்தனார், பெற்ற தாயாக இருந்தால் இப்படிச் சொல்ல மனசு வருமா என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சுவரில் சாய்ந்து நின்ற புருஷனின் பார்வை சிவப்பெழுத்து அட்டைமேல் நின்றுவிட்டது.

மருமகளுக்கு அந்தப் பார்வையே போதும். கெட்டுப்போன ஃப்ரிட்ஜின் முதுகில் காதை வைத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுகிறவன் அவன். அம்மா விஷயத்தில் மட்டும் பிறவிச் செவிடு.

"இது நீங்க வாங்கினதா?" என்று கேட்டாள்.

"ஒரு அட்டை, ரெண்டு அட்டை..." என்று இழுத்தான். தெருமுனை மருந்துக் கடைக்காரர் தெரிந்தவர். அவர் கடை ஃப்ரிட்ஜை இவன்தான் பார்க்கிறான். "அம்மாதான் சொன்னாங்க. என் வலி உனக்கு மட்டும்தான்டா தெரியும், மத்த ரெண்டு பேருக்கும் தெரியாதுன்னு."

நாத்தனாரின் அழுகை சட்டென்று நின்றது. "உங்கிட்டயா சொன்னாங்க?" என்றாள். குரலில் துக்கத்தைவிடப் பொறாமைதான் அதிகமிருந்தது. நீலக் கோடு போட்டது அவளுடையது. அழகு நிலையத்துக்கு முகப்பூச்சு கொண்டுவருகிற ஆள் அதே பெட்டியில் வைத்து இதையும் கொண்டுவந்து தருவானாம். என் வலி உனக்கு மட்டும்தான்டி தெரியும் என்று அம்மா அவளிடமும் சொல்லியிருந்தாள், வார்த்தை பிசகாமல்.

மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளி அட்டை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கூடப் படித்த டாக்டர் ஒருவன் கேட்டபோதெல்லாம் சீட்டு எழுதிக் கொடுத்தான் என்று தானாகவே சொன்னான். டாக்டர் எழுதிக் கொடுத்துத்தானே வாங்கினேன், உங்களை மாதிரிக் கள்ளத்தனமாகவா என்று தம்பி தங்கச்சி பக்கம் திரும்பினான். அப்படியே மூன்று பேருக்கும் பிடித்துக்கொண்டது. யார் முதலில் வாங்கினது, யார் அதிகம் வாங்கினது, யாருக்கு அம்மாமேல் அக்கறை என்று சண்டை. உள்ளே அம்மா வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. யாரும் அசையவில்லை. மருமகள்தான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வந்த கோளாறும் சாதாரணமானதுதான். போன வாரம் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கடை கடையாகப் புகுந்து சோதனை போட்டார்கள். புதுச் சீட்டும் முத்திரையும் இல்லாமல் அந்த மாத்திரையை யாரும் வெளியே எடுக்கப் பயந்தார்கள். தெருமுனைக்காரர் கைவிரித்தார். முகப்பூச்சுக்காரன் போனை எடுக்கவில்லை. சிநேகித டாக்டர் திடீரென்று விதிமுறை பேசினான். மூன்று குழாயும் ஒரே வாரத்தில் அடைத்துக்கொண்டன. மற்ற இருவருக்கும் தெரியாமல்தானே செய்கிறோம் என்று மூன்று பேரும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்கள். பெற்றவள் சாவாள் என்று ஊருக்கே சொல்ல முடிந்தது. மாத்திரை தீர்ந்துவிட்டது என்று வீட்டுக்குள் ஒருத்தரிடம் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மேனேஜரின் காரில்தான் போனார்கள். டீச்சரம்மா பின்சீட்டில் மருமகள் தோளில் சாய்ந்து, உன் துணியில் ஸ்பிரிட் நாறுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கட்டடத்தின் முன்னால் 'போதை மீட்புப் பிரிவு' என்று ஓர் ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அதைக் கண்டதும் மேனேஜர் காரை நிறுத்தாமல் தாண்டிப் போய்விட்டான். பின்பக்கம் வேறு வழி இருக்கும், விசாரிக்கலாம் என்றான். மழை கொட்டுகிறது, அம்மா இன்னொரு தடவை சீட்டில் வாந்தி எடுத்தால் உங்கள் காருக்குத்தான் கேடு என்று மருமகள் சொன்னபிறகுதான் திருப்பினான். இறக்கிவிட்டதும் காரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனவன் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தான்.

முடியைக் குட்டையாக வெட்டிய இளம் பெண் டாக்டர். மேசையில் மூன்று கட்டுகளையும் மருமகள் வைத்தாள். ஒரு நாளைக்கு எத்தனை என்று டாக்டர் கேட்டதற்கு, இரண்டு என்றாள் டீச்சரம்மா. டாக்டர் அட்டைகளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள். நாலு என்றாள். டாக்டர் அப்போதும் சும்மா இருந்தாள். வாழ்க்கையில் எத்தனையோ பிள்ளைகளை இந்த மௌனத்தால் உண்மை சொல்ல வைத்த டீச்சரம்மா, கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒம்பது. சில நாள் பத்து," என்றாள்.

இந்த மாத்திரையை இந்தக் கணக்கில் போட்டும் இத்தனை நாள் வலிப்பு வராமல் தப்பித்தது பெரிது என்று டாக்டர் சொன்னாள். நாடி பார்த்தாள், கண்ணில் டார்ச் அடித்தாள், கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்த்தாள், தோலைத் தடவினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் எண் போட்டுக் கூட்டினாள்.

"எனக்கு எத்தனை மார்க்?" என்று டீச்சரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"இருபத்திரெண்டும்மா."

"நூத்துக்கா?"

"நாப்பத்தெட்டுக்கு."

"அம்பது சதவீதம்கூட இல்ல."

"இதுல மார்க் கூடினாத்தாம்மா மோசம்," என்றாள் டாக்டர்.

பிறகு நிதானமாக விளக்கினாள். உடம்பு இரண்டு வருஷமாக அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. திடீரென்று பிடுங்கியதால் கூச்சல் போடுகிறது. இது ஒழுக்கக் கேடு ஒன்றுமில்லை, நோய்தான். நாக்குக்கு அடியில் வைக்கிற ஒரு மாத்திரை தருவோம். அதுவும் அதே இனம்தான், ஆனால் போதை ஏற்றாமல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பை அமைதியாக்கும். வயதானவர் என்பதால் குறைந்த அளவில் தொடங்கி, மூச்சையும் இதயத்தையும் பார்த்துக்கொண்டே கூட்டவேண்டும், ஒரு வாரமாவது இங்கே இருக்கட்டும். பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்கலாம். முழங்கால் வலிக்குப் பயிற்சியும் வேறு மருந்தும் உண்டு.

அப்போதுதான் உள்ளே வந்த மேனேஜர், வாசலில் நின்றபடியே, ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா, இது என்ன வைத்தியம் என்று கேட்டான். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, இதற்கு முன்னால் வாங்கிக்கொடுத்தது யார் சார் என்று சாதாரணமாகக் கேட்டாள். அவனுக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது. மணி அடிக்காத போன்.

நர்ஸ் சின்ன வெள்ளை மாத்திரையை டீச்சரம்மாவின் நாக்குக்கு அடியில் வைத்தாள். கரைகிறவரை பத்து நிமிஷம் விழுங்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, பேசக் கூடாது. டீச்சரம்மா உடனே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நர்ஸ் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். முப்பத்தொரு வருஷம் மற்றவர்களுக்குக் காட்டின விரல் அது.

மருமகள் எதிரில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த ஏழு வருஷத்தில் முழித்திருக்கிற டீச்சரம்மா பத்து நிமிஷம் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. சன்னலுக்கு வெளியே மழை தகரக் கூரையில் விழுகிற சத்தம் கேட்டது. டீச்சரம்மாவின் கண்கள் மட்டும் அறையைச் சுற்றின. சுவரில் ஒட்டிய அறிவிப்பில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, அங்கே போய் நின்றன. சொல்ல முடியாமல் தவிக்கிறாள் என்று மருமகளுக்குத் தெரிந்தது. ஆறாவது நிமிஷத்தில், உங்களுக்காகத் திருத்தச் சொல்லட்டுமா அத்தை என்று கேட்டாள். வேண்டுமென்றேதான் கேட்டாள். டீச்சரம்மா கண்ணாலேயே எரித்தாள்.

பத்து நிமிஷம் ஆனதும் நர்ஸ் நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் கால் உதைப்பது அடங்கியது. இன்னொரு தடவை கொஞ்சம் கொடுத்தார்கள். சாயங்காலம் டீச்சரம்மா இரண்டு துண்டு ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டு, உப்புப் போதவில்லை என்றாள். செத்துப் போவாள் என்று நாற்பது பேருக்குச் சொன்ன மகன், மறுபடி நாற்பது பேருக்குப் போன் போட உட்கார்ந்தான். நிமோனியா என்று சொல்லிவிட முடிவு செய்திருந்தார்கள். அதற்கு மட்டும் அண்ணனும் தங்கச்சியும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

பெண்கள் வார்டில் எட்டுக் கட்டில். தலைவலிக்கு ஊசி போட்டுப் பழகிப்போன நர்ஸ் ஒருத்தி, இடுப்பு முறிந்த பஸ் கண்டக்டர், தையல் கம்பெனிப் பெண். டீச்சரம்மா ஒருவரோடும் பேசவில்லை. நான் வலிக்குச் சாப்பிட்டேன், இவர்கள் சுகத்துக்குச் சாப்பிட்டவர்கள் என்று மருமகளிடம் சத்தமாகவே சொன்னாள். கண்டக்டர், எனக்கு இடுப்பு சுகத்துக்குத்தான் முறிந்தது டீச்சர் என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து பதில் சொல்ல, வார்டே சிரித்தது. காலையில் மாத்திரை கொடுக்கிற நேரத்தில் எட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் நடத்தின எந்த வகுப்பும் அவ்வளவு அமைதியாக இருந்திருக்காது.

மூன்றாம் நாள் மத்தியானம் நாத்தனார் வந்தாள். அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள், முகத்துக்குப் பவுடர் பூசினாள், டப்பாவை மேசையில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். மருமகள் அதை எடுத்து வைக்கும்போது உள்ளே என்னவோ கடகடத்தது. திறந்தாள். பவுடருக்குள் புதைத்து வைத்த நீலக்கோட்டு அட்டை, முழுசாக.

தாழ்வாரத்தின் கோடியில் ஓடிப்போய்ப் பிடித்தாள். நாத்தனார், அம்மா படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை, ஒரு மாத்திரையில் என்ன வந்துவிடும் என்றாள். முகப்பூச்சுக்காரன் போனை எடுத்துவிட்டான் போலிருக்கிறது.

"அண்ணி, இங்க குடுக்கிற மருந்தோட இதையும் சேர்த்துப் போட்டா, தூக்கத்துலயே மூச்சு நின்னாலும் நிக்கும். அப்புறம் கழுத்தில்லாத படமா, மத்ததான்னு உக்காந்து யோசிக்க வேண்டியதுதான்."

நாத்தனார் அழுதாள். இந்தத் தடவை கண்ணீர் கொஞ்சம் நிஜமாக இருந்ததுபோலப் பட்டது. அதற்காக மருமகள் இரக்கப்படவில்லை.

திரும்பி வந்தபோது டீச்சரம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பவுடர் டப்பா மருமகள் கையில் இருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் வா என்று கூப்பிட்டு, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை அதுவரை மருமகளைத் தொட்டதே இல்லை.

"நீ தினம் எத்தனை பேரத் தொட்டுப் பாக்கிற. பெத்ததுங்களுக்கு என்ன தெரியும்? என் வலி உனக்கு மட்டும்தாம்மா தெரியும். அந்த டப்பாவ இங்க வச்சிட்டுப் போ."

அதே வாசகம், மூன்று பேருக்குக் கொடுத்ததைத் துடைத்து நாலாவது ஆளுக்கு நீட்டுகிறாள். போலி என்று மருமகளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு ஒரு தடவை துள்ளியது. ஏழு வருஷமாகச் சோறு போட்டு, துணி துவைத்து, வாந்தி அள்ளி, 'அந்தப் பொண்ணு' என்ற பெயரைத் தவிர ஒன்றும் வாங்காதவளுக்கு அந்த 'அம்மா' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. இதற்குத்தானா அந்த மூன்று பேரும் விழுந்தார்கள் என்று நினைத்தாள். நாமும் அதே ஜாதிதான் என்றும் நினைத்தாள். தன்னைப் பார்த்தே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு போய் அட்டையை நர்ஸிடம் கொடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம்வரை டீச்சரம்மா அவளைப் பார்த்துப் பேசிய பேச்சைக் கேட்டுக் கண்டக்டரே காதைப் பொத்திக்கொண்டாள்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். முதலில் வாரம் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரி. மாத்திரை டப்பாவைப் புருஷன் தன் கருவிப் பெட்டியில் ஸ்பேனர்களோடு பூட்டி வைத்தான். தினம் காலையில் வேலைக்குப் போகிறதுக்கு முன்னால் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, கரைகிறவரை அம்மா எதிரில் உட்கார்ந்திருப்பான். அந்தப் பத்து நிமிஷமும் அவனை ஃபெயிலாக்க அவளால் முடியாது. அவனும் அதற்காகவே உட்காருகிறானோ என்று மருமகளுக்குச் சந்தேகம். சொல்லப்போனால் இந்த விஷயத்தில் அவன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. முழங்கால் பயிற்சிக்கு டீச்சரம்மா வாரத்தில் மூன்று நாள் திட்டிக்கொண்டே போய்வந்தாள். வலி இருந்தது. தூக்கம் வராத நாட்கள் இருந்தன. எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. சோறு மறுபடி குழையத் தொடங்கியது.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டீச்சரம்மாவோடு இருபது வருஷம் வேலை பார்த்த கணக்கு டீச்சர் பார்க்க வந்தாள். கைத்தடியோடு வந்தாள், அவளுக்கும் முழங்கால் மாற்றி மூன்று மாதம் ஆகிறது. கூடத்தில் மேனேஜர் இருந்தான், கடைக்குட்டி இருந்தான். நிமோனியாவில் பிழைத்ததே பெரிது என்று அவள் சொல்ல, மேனேஜர் ஆமாம் ஆமாம் என்று நுரையீரலைப் பற்றி நாலு வார்த்தை விளக்கினான்.

மருமகள் டீத் தட்டோடு வந்தபோது கணக்கு டீச்சர் தன் முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுதினது முடிந்துவிட்டதாம், ஆனால் மருமகன் பார்த்துப் பார்த்து வாங்கித் தருகிறானாம், தங்கமான பிள்ளை. சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து டீச்சரம்மாவின் கையில் வைத்தாள். "இது இல்லன்னா நான் இல்ல. உங்களுக்கும் கால் வலின்னா ஒண்ணு போட்டுப் பாருங்க."

வெள்ளி அட்டை. ஆறு மாத்திரை மிச்சமிருந்தது.

மேனேஜர் தரையைப் பார்த்தான். புருஷன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றான். டீச்சரம்மாவின் கட்டைவிரல் அட்டையின்மேல் மெதுவாக ஊர்ந்தது. ஒவ்வொரு குமிழாகத் தடவிக்கொண்டு போய், கடைசிக் குமிழில் நின்றது. நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தம். படலம் கிழிய இன்னும் ஒரு மயிரிழைதான்.

"எனக்கு நிமோனியாவும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் டீச்சரம்மா. வகுப்பில் பேசுகிற குரல். "இதே மாத்திரைதான். தினம் ஒம்பது, பத்து. மூணு பிள்ளைங்களையும் தனித்தனியா ஏமாத்தி வாங்கிப் போட்டேன். அதுங்களுக்கும் கேக்கத் தெரியல. நின்னப்ப நான் பட்டது நாய்கூடப் படாது."

கணக்கு டீச்சர் ஒன்றும் புரியாமல் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நீ பேசாதே என்று டீச்சரம்மா திரும்பாமலேயே சொன்னாள்.

"நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. அது இன்னும் மோசம். நாளைக்கு இந்தப் பொண்ணு உங்களக் கூட்டிட்டுப் போவா. பேரு போட்ட வாசல் வழியாத்தான் போகணும், பின்னால வழி கிடையாது."

சொல்லிவிட்டு அட்டை இருந்த கையை மருமகள் பக்கம் நீட்டினாள். நீட்டின கை திறக்கவில்லை. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"எடுத்துக்கோ," என்றாள், குரலைத் தாழ்த்தி. "சீக்கிரம். நானா கீழ வைக்க மாட்டேன்."

மருமகள் தட்டை வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கட்டைவிரல் கடைசிவரை விடவில்லை. ஊசி குத்தும்போது செய்கிறமாதிரி ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே, மழையைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ, அதையும் மெல்ல நிமிர்த்தினாள். அட்டை கைக்கு வந்தது.

டீச்சரம்மா வெறுங்கையை மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு கோப்பையைப் பார்த்தாள்.

"டீ ஆறிப்போச்சு. வேற கொண்டா."

டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. மருமகள் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.